ஐஸ்லாந்தில் வாடகைக் கார்

ஐஸ்லாந்தில் ரயில் கிடையாது. ஊர் விட்டு ஊர் போகும் பேருந்துகள் உண்டு. ஆனால் பல தடங்களில் நாளுக்கு ஒன்றிரண்டுதான். அருவியையோ பனியாற்றையோ நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் காரை வாடகைக்கு எடுப்பதே வழி. தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தெற்கே ஸ்கேய்தாரா ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்த 1974இல்தான் அந்த வட்டம் முழுமை பெற்றது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சம் அளவுதான். அவர்களிலும் பெரும்பகுதியினர் ரெய்க்யாவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இருக்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் சாலை உங்களுக்கே உங்களுக்கு.

இந்த வெறிச்சோடிய சாலையைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நம்மூரில் நாம் மற்ற வண்டிகளைப் பார்த்தே ஓட்டிப் பழகியவர்கள். முன்னால் போகும் லாரி, இடுக்கில் நுழையும் ஆட்டோ, குறுக்கே வரும் பைக் எல்லாம் சேர்ந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் அவையே காட்டிவிடுகின்றன. ஐஸ்லாந்தில் வெகுநேரம் ஓட்டியும் எதிரே ஒரு வண்டிகூட வராத தடங்கள் இருக்கின்றன. நீங்கள் தவறான பக்கத்தில் போனாலும் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. நெரிசலில் தேறிய கைக்கு அங்கே வேலை குறைவு. முன்கூட்டியே யோசிக்கும் தலைக்குத்தான் வேலை அதிகம்.

கிளம்புவதற்கு முன்

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிம அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் வாடகை நிறுவனங்கள் பலவும் அதையே ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். விபத்து என்று ஒன்று நடந்து காப்பீட்டுக்காரர் காகிதம் கேட்கும் நேரத்தில் அது கையில் இருக்கட்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்தோ, பரிவாஹன் இணையதளம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்குச் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. அனுமதிச் சீட்டு மட்டும் தனியாகச் செல்லாது, உரிமத்தின் அசல் அட்டையும் கூடவே வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள்.

யார் ஓட்டப்போகிறாரோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணமாக ஒரு பெரிய தொகையை அதில் பிடித்து வைப்பார்கள். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறந்து விட வேண்டும், வரம்பையும் உயர்த்திக்கொள்ளுங்கள். கார்டின் பின் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். ஊருக்கு வெளியே பல பெட்ரோல் பங்குகளில் ஆளே கிடையாது, இயந்திரத்தில் கார்டைச் செருகிப் பின் நம்பர் போட்டால்தான் பெட்ரோல் வரும். அடுத்த பங்க் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதால் பாதி டேங்குக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியையே பதிவு செய்யுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஏன் என்பது பின்னால் புரியும். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். அதையும் முன்பதிவிலேயே கேட்டு வையுங்கள். மடியில் வைத்துக்கொள்வது அங்கே நடக்காது, நடக்கவும் கூடாது.

சென்னையிலிருந்து ஐஸ்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறி, இடையில் சரியாகத் தூங்காமல்தான் கெப்லாவிக்கில் இறங்குவீர்கள். அன்றைக்கே சாவியை வாங்கி நானூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பனியேரிக்குக் கிளம்புவது உயிரோடு விளையாடுவது. விமான நிலையத்திலிருந்து ரெய்க்யாவிக் 50 கிலோமீட்டர்தான். முதல் இரவு அங்கேயோ கெப்லாவிக்கிலேயோ தூங்கி எழுங்கள். முடிந்தால் காரையே மறுநாள் காலையில் எடுங்கள்.

கவுன்டரில்

பேரம் பேச வேண்டிய இடம் வாடகைத் தொகை அன்று. காப்பீட்டைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். அடிப்படைக் காப்பீடு வாடகையோடு சேர்ந்தே வரும். ஆனால் அதில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, எக்ஸஸ் என்பார்கள், லட்சக்கணக்கான ரூபாய் வரை போகும். அந்தப் பங்கைக் குறைக்கக் கூடுதல் காப்பீடு உண்டு. அதற்கு மேல் இந்த நாட்டுக்கே உரிய இரண்டு உள்ளன: ஒன்று சரளைக்கல் தெறித்து முன் கண்ணாடியும் விளக்கும் உடைவதற்கு, மற்றது மணலும் எரிமலைச் சாம்பலும் வண்டியின் பெயின்டை உரித்துவிடுவதற்கு. சரளைக்கான காப்பீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மணலுக்கானது தென்கரையில் ஓட்டுபவர்களுக்கு, அதிலும் காற்று மிகுந்த மாதங்களில், அவசியம்.

எந்தக் காப்பீட்டிலும் பொதுவாக அடங்காதவை எவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று பிடுங்கிய கதவு, ஆற்றில் இறங்கியதால் தண்ணீர் புகுந்த இன்ஜின், பாறையில் உரசிய அடிப்பாகம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வாடகைக்காரர் தலையில்தான் விழும். கிலோமீட்டருக்கு வரி தனியாக உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் வண்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, நான்கு சக்கர ரிம்கள், முன் கண்ணாடியில் புள்ளி அளவுக் கீறல், ஒவ்வொரு கதவையும் திறந்து அதன் கீல் பக்கம் என எதையும் விடாதீர்கள். முன்பே காற்றில் வளைந்த கதவு திறக்கும்போது முனகும், மூடினால் ஒரு பக்கம் துருத்தி நிற்கும். அப்படி இருந்தால் படிவத்தில் எழுதி வாங்குங்கள். ஸ்டெப்னி எங்கே, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் திரவம்தான் இருக்கும். ஹெட்லைட் ஸ்விட்சைப் பார்த்து வையுங்கள். இரவு பகல் எந்நேரமும் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ‘ஆட்டோ’வில் விட்டால் பல வண்டிகளில் பகலில் பின்விளக்கு எரியாது, எனவே கையால் திருப்பி முழுமையாக எரிய விடுங்கள்.

வலப்பக்கம்

ஐஸ்லாந்திலும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். 1968 மே 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாடே வலப்பக்கத்துக்கு மாறியது. ஒரு நாடு ஒரே காலையில் செய்ததை நீங்கள் ஒரே காலையில் செய்ய வேண்டும். கொஞ்சம் ஒத்திகை பார்த்தால் முடியும்.

ஒத்திகை வண்டி நிறுத்துமிடத்திலேயே தொடங்கட்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். சீட்பெல்ட்டைத் தேடும் கை வலப்பக்கம் போகும், அது இடத் தோளில் இருக்கும். இண்டிகேட்டர் போட வலப்பக்கக் குச்சியைத் தட்டுவீர்கள், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடும். கியர் குச்சி வலக்கைக்கு வந்துவிடும். மானுவல் வண்டியானால் இந்தக் குழப்பத்துக்கு நடுவே கியரும் மாற்றியாக வேண்டும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்னே சொன்னதற்கு இதுவே காரணம். பத்து நிமிடம் அங்கேயே வட்டமடியுங்கள். பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, வண்டியின் வலப்பக்க ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். உடம்பு இதுவரை வண்டியின் இடப்பக்க நீளத்தைத்தான் அளந்து பழகியிருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் வலப்பக்கம் சாலையின் விளிம்பை நோக்கி ஒதுங்கிவிடுவது இதனால்தான். அங்கே சாலைக்கு ஓரமே இல்லாத இடங்கள் அதிகம். விளிம்பைத் தாண்டினால் சரிவு.

நினைவில் வைக்க ஒரே ஒரு விதி போதும்: ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். உங்கள் இடத் தோளுக்குப் பக்கத்தில் நடுக்கோடு இருந்தால் சரியான பக்கத்தில் போகிறீர்கள்.

தவறு நேர்வது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல, நின்று மறுபடி கிளம்பும்போது. பெட்ரோல் போட்டுவிட்டு, அருவியைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, ஆளில்லாத சாலையில் திரும்பும் கணத்தில் பழைய கை விழித்துக்கொண்டு இடப்பக்கம் போய்விடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டு “வலது, வலது” என்று சொல்லட்டும். கணவன் மனைவிக்குள் இதில் கோபம் வேண்டாம். “எனக்குத் தெரியாதா?” என்று கேட்காமல் “சரி, வலது” என்று ஓட்டுபவரும் திருப்பிச் சொல்லிவிட்டு எடுங்கள். சிறு பிள்ளைகள் இந்த வேலையை மிக ஒழுங்காகச் செய்வார்கள்.

ரவுண்டானாவில் எதிர் கடிகாரச் சுற்றாகப் போக வேண்டும். இரண்டு தடங்கள் இருந்தால் ஐஸ்லாந்தில் ஒரு தனி வழக்கம் உண்டு: உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேறும்போது வெளிவட்டத்தில் இருப்பவர் அவருக்கு வழிவிட வேண்டும். ரெய்க்யாவிக்கில் இது தெரியாமல் பயணிகள் உரசிக்கொள்வது உண்டு. முதல் வழியிலேயே வெளியேறப் போகிறீர்கள் என்றால் மட்டும் வெளித்தடம், இல்லையேல் உள்தடம். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பவும் கூடாது. பலகை இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்குள் 50, குடியிருப்புத் தெருக்களில் பல இடங்களில் 30, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. இதற்கு மேல் எங்கேயும் இல்லை. கேமரா பிடித்தால் அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து வரும்.

காற்று

ஐஸ்லாந்தில் ஓட்டுநரின் முதல் கவலை காற்று. மழையும் பனியும் கண்ணுக்குத் தெரியும். காற்றோ, வண்டி மலை மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில்தான் தெரியும். அங்கே வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்: 15 என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர், 20 என்றால் 72, 25 என்றால் 90. கேம்பர் வேன் போன்ற உயரமான வண்டியில் 15ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். 20ஐத் தாண்டினால் சிறிய காரையும் எடுக்காமல் இருப்பதே என் கருத்து. சராசரி வேகத்தோடு திடீர் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். வண்டியைத் தள்ளுவது வீச்சுதான். மலைச்சாலைகளுக்கு முன்னால் மின்பலகைகளில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

தினமும் காலையில் காபிக்கு முன் இரண்டு பக்கங்களைப் பாருங்கள்: ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கைப் பக்கமும், சாலைத்துறையின் நிலவரப் படமும். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று உயரும். சாலைப் படத்தில் பச்சை என்றால் தடையில்லை, நீலம் வழுக்கு, சிவப்பு மூடல். தொலைபேசியில் கேட்க 1777. மூடிய சாலையின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகவே கூடாது. காப்பீடும் கைவிட்டுவிடும், உங்களைத் தேடிப் புயலுக்குள் வர வேண்டியவர்கள் தன்னார்வலர்கள். அந்நாட்டின் மீட்புக் குழுக்களில் இருப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்க்கும் சாதாரண மனிதர்கள். சாலை மூடக் காற்று மட்டுமே காரணமல்ல: விமான நிலையம் உள்ள ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் 2021 முதல் எரிமலைகள் அடுத்தடுத்து வெடித்துவருகின்றன. 2024 பிப்ரவரியில் புளூ லகூன் வெந்நீர்க் குளத்துக்குப் போகும் சாலையின் மேலேயே எரிமலைக் குழம்பு ஓடியது. கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கதவு விஷயம் மறக்கக் கூடாதது. வண்டியை நிறுத்தும்போது மூக்கு காற்றை எதிர்த்து இருக்கட்டும். காற்று பின்னாலிருந்து வந்தால் திறந்த கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிடும். அந்தப் பழுதுச் செலவில் இன்னொரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம். கைப்பிடியை ஒரு கையாலும் கதவின் விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லத் திறவுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான். பின்னிருக்கைப் பிள்ளைகளுக்குப் பெரியவர் இறங்கி வந்து திறந்துவிடும் வரை குழந்தைப் பூட்டைப் போட்டு வையுங்கள்.

பயணத் திட்டத்தில் ஒன்றிரண்டு நாள் காலியாக விடுங்கள், ரத்து செய்யக்கூடிய விடுதிகளையே பதிவு செய்யுங்கள். விடுதிக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் புயலிலும் வண்டியை எடுக்க வைக்கிறது.

சரளை, பாலம், ஆடு

நல்ல தார்ச்சாலை எந்த முன்னறிவிப்பும் இல்லாததுபோல் சரளையாக மாறும். உண்மையில் அறிவிப்பு உண்டு: ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் முக்கோணம், கீழே ‘மால்பிக் எந்தார்’ என்ற எழுத்து. தார் முடியப்போகிறது என்று பொருள். அந்தப் பலகையைப் பார்த்ததும், சரளை தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சரளைக்குள் போன பின் பிரேக் மிதித்தால் வண்டி வழுக்கும். 80 வரை அனுமதி என்பதற்காக 80இல் போக வேண்டியதில்லை. முதல் நாள் 50 போதும். எதிரே வண்டி வந்தால் இன்னும் மெதுவாகுங்கள், கல் பறப்பது அப்போதுதான். மேட்டின் உச்சியில் எதிர்ப்பக்கம் தெரியாத இடங்களில் ‘பிளிந்தஹைத்’ என்று எழுதியிருக்கும். அங்கே வலப்பக்க ஓரத்தை விட்டு நகரவே கூடாது.

ஒற்றைத் தடப் பாலங்கள் ஒன்றாம் எண் சாலையிலேயே இன்னும் இருக்கின்றன. யார் பாலத்துக்கு அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் போவது வழக்கம். ஆனால் எதிரில் இருப்பவரும் உங்களைப் போல முதல்முறை வந்த பயணியாக இருக்கலாம். அதனால் வேகத்தைக் குறைத்து, மறுமுனையைப் பார்த்து, சந்தேகம் என்றால் நின்றுவிடுங்கள். 2018 டிசம்பர் 27 அன்று தெற்கே நூப்ஸ்வோட்ன் ஒற்றைத் தடப் பாலத்தில் ஒரு ஜீப் தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. பிரிட்டனிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக் குடும்பம். ஏழு பேரில் மூவர் இறந்தார்கள், அதில் ஒரு பச்சைக் குழந்தை. இதை அச்சமூட்ட எழுதவில்லை. நம்மைப் போலவே பிள்ளைகளோடு ஆசையாகப் புறப்பட்டவர்கள் அவர்கள். பாலத்தை நெருங்கும்போது 50 என்ற பலகையைக் கண்டால் மறுபேச்சின்றிக் குறையுங்கள்.

கோடையில் ஆடுகள் வேலியின்றி மேயும். செப்டம்பரில்தான் அவற்றைத் திரட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாலையின் ஒரு பக்கம் தாய் ஆடும் மறுபக்கம் குட்டியும் நின்றால் நிச்சயம் நிறுத்துங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம் ஓடும். அவ்வளவு நேரம் அசையாமல் நின்றுவிட்டு, சரியாக உங்கள் பம்பருக்கு முன்னால் பாயும்.

படம் எடுக்க வண்டியைச் சாலையிலேயே நிறுத்துவதை அங்குள்ளவர்கள் மிகவும் வெறுக்கிறார்கள், நியாயமாகவே. பின்னால் 90இல் வருபவருக்கு ஒதுங்க ஓரமில்லை. வானில் அரோரா எனும் வடஒளி தெரிகிறது என்று இருட்டில் விளக்கை அணைத்து நடுச்சாலையில் நிற்பது இன்னும் மோசம். நிறுத்துமிடம் சில கிலோமீட்டருக்கு ஒன்று வரும், அதுவரை பொறுங்கள்.

குளிர்காலம் பற்றி

டிசம்பரில் ரெய்க்யாவிக்கில் பகல் நான்கு மணி நேரம்தான். சூரியன் தலைக்கு மேலே ஏறாது, கண்ணெதிரே தொங்கிக் கூசும். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது சாலை ஈரமாக மின்னினால் அது தண்ணீர் என்று நினைக்காதீர்கள். அது பனிக்கட்டிப் படலம். ஆணி பதித்த டயர் நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அனுமதி, அதையே கேட்டு வாங்குங்கள். பனியில் ஓட்டிய அனுபவமே இல்லாதவர்கள் குளிர்காலத்தில் காரை எடுக்க வேண்டாம், ரெய்க்யாவிக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்தில் போய் வாருங்கள் என்பதே என் அறிவுரை. ஜூன் மாதத்தில் நேரெதிர்: இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருப்பதால் உடம்பு களைத்தது தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

எஃப் என்று தொடங்கும் சாலைகள்

எண்ணுக்கு முன் எஃப் இருந்தால் அது நாட்டின் உட்பகுதி மலைச்சாலை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ திறந்து செப்டம்பரில் மூடுவார்கள். வழியில் பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்க வேண்டும். பனியாற்றிலிருந்து வரும் ஆறுகள் வெயில் ஏற ஏறப் பெருகும், காலையில் முழங்கால் அளவு இருந்தது பிற்பகலில் காரை உருட்டிவிடும். முதல்முறை போகிறவர்கள் இந்தச் சாலைகளை விட்டுவிடுங்கள். லாண்ட்மன்னலாய்கர், தோர்ஸ்மோர்க் ஆகிய மலைப்பகுதிகள் இரண்டுக்கும் கோடையில் உயரமான சக்கரம் கொண்ட பேருந்துகள் போகின்றன. ஓட்டுநர்கள் அந்த ஆறுகளை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள், நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கலாம்.

எந்தச் சாலையானாலும் சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். ஒரு டயர் தடம் பட்ட பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஏதாவது நடந்தால், திருப்பித் தரும்போது

அவசரத்துக்கு எண் 112. அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு. இருக்கும் இடத்தை அனுப்ப அது உதவும் என்பதால் முதல் நாளே ஏற்றி வையுங்கள். பனியிலோ புயலிலோ வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். வண்டி கண்ணில் படும், மனிதர் பட மாட்டார். கம்பளி, தண்ணீர், உலர்ந்த உணவு பின்னிருக்கையில் கைக்கெட்டும்படி இருக்கட்டும். அடுத்த வண்டியோடு மோதினால் படம் எடுத்து, இருவரும் படிவம் நிரப்பி, வாடகை நிறுவனத்துக்கு அங்கிருந்தே சொல்லுங்கள்.

அருவிகள், தேசியப் பூங்காக்கள் பலவற்றில் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. வாயிலில் ஆள் இருக்க மாட்டார், கேமரா எண்பலகையைப் படித்துக்கொள்ளும். வடக்கே அகுரேய்ரிக்குக் கிழக்கில் உள்ள வாத்லாஹேய்தி சுரங்கப்பாதையும் அப்படித்தான். இவற்றை அன்றன்றே இணையத்தில் கட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் வாடகை நிறுவனம் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுக்கும்.

திருப்பித் தரும் நாளில் விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். பெட்ரோலை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், சேற்றைக் கழுவுங்கள், முதல் நாள் எடுத்த அதே வரிசையில் மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். விடியற்காலையில் ஆளில்லாமல் சாவியைப் பெட்டியில் போட வேண்டி வந்தால் அந்த வீடியோதான் உங்கள் சாட்சி. ஊர் வந்த பின் இரண்டு மாதம் கார்டுக் கணக்கைப் பார்த்து வாருங்கள். புரியாத தொகை ஏதாவது வந்தால், படங்களையும் ரசீதையும் இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கணக்குக் கேளுங்கள்.